எங்கள் வீட்டுச் சாமந்திக்குக் கால் உண்டு

இரவு இரண்டு மணி. கூடத்தில் விளக்கில்லை. சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு, மீன்தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டியபடி தரையில் உட்கார்ந்திருக்கிறேன். அறைக் கதவு திறந்தது.

"இன்னும் தூங்கலையா? காலையில வேலைக்குப் போகணும்ல?"

"நடக்குது, வந்து பாரேன்!"

"எது?"

"பூ!"

மனைவி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். தொட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அது நடந்தது! பாறை விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடை தூரம், நத்தையே பொறுமையிழக்கும் வேகத்தில் நடந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு பரபரப்பான ஒரு விரற்கடையை நான் பார்த்ததில்லை.

கடல் சாமந்தியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்க்கப் பூ, பிறப்பால் பிராணி. ஜெல்லி மீனுக்கும் பவளத்துக்கும் பங்காளி. மூளை கிடையாது, இதயம் கிடையாது, எலும்பு கிடையாது. நடுவில் ஒரே ஒரு வாய். உண்பதும் அதன் வழியே, கழிப்பதும் அதன் வழியே. சுற்றிலும் இதழ்கள் போல ஆடுகிறவை எல்லாம் கொட்டும் செல்கள் நிறைந்த உணர்கைகள். அடியில் வட்டமான ஒற்றைப் பாதம். அதைக் கொண்டுதான் பாறையைப் பிடித்து நிற்கிறது. இடம் பிடிக்காவிட்டால் கிளம்பிப் போகிறது.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது சிங்கப்பூரின் சிஸ்டர்ஸ் தீவுகளில். இந்த நாட்டின் முதல் கடல் பூங்கா என்று 2014-இல் அறிவித்த இடம் அது. ஒரு விடியற்காலை, கடல் நன்றாக வற்றியிருந்த நேரம், வழிகாட்டியோடு பார்க்கப் போயிருந்தோம். முழங்கால் அளவு தண்ணீரில் குமிழ் நுனிச் சாமந்தி ஒன்று விரிந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து தக்காளி நிறத்தில் ஒரு கோமாளி மீன் தலையை நீட்டி, "என் வீட்டு வாசலில் உனக்கென்ன வேலை?" என்பதுபோல் என்னை முறைத்தது. கப்பலும் கிரேனும் சூழ்ந்த இந்த ஊரின் கரையில் இப்படியொரு காட்சியா என்று நின்றவன், மகள் கையைப் பிடித்து இழுக்கும்வரை அசையவில்லை. அங்கிருந்து ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது, எடுக்கவுமில்லை. ஆசையை மட்டும் கொண்டுவந்தேன்.

அந்த ஆசையால் ஓர் உயிர் போனது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொட்டி வைத்து இரண்டே மாதத்தில், ஒரு கடையில் பால்வெள்ளையாக மின்னிய சாமந்தி ஒன்றை வாங்கி வந்தேன். என்ன அழகு என்று எல்லோரும் வாயைப் பிளந்தோம். சாமந்தியின் திசுக்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியிலிருந்து சர்க்கரை சமைத்து வீட்டுக்காரருக்கும் ஊட்டுகிறவை அவைதான். அந்தப் பாசிகளை இழந்தால் உடம்பு வெளுத்துவிடும். நான் அழகென்று காசு கொடுத்து வாங்கியது பட்டினி. ஒன்பதாம் நாள் அது கரைந்து போனது. அழுகிய சாமந்தி தொட்டித் தண்ணீர் முழுவதையும் கெடுக்கும். அந்த நாற்றத்தை எங்கள் தளத்தில் நாலு வீடு தள்ளி இருந்தவர்களும் இன்னும் மறக்கவில்லை.

அதன் பிறகு ஒரு வருடம் காத்திருந்தேன். தொட்டி மூன்றடி நீளம், ஏறத்தாழ 200 லிட்டர். புதுத் தொட்டியில் தண்ணீர் இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும். பாறையிலும் மணலிலும் நல்ல பாக்டீரியா ஊறி நிலைக்க மாதங்கள் வேண்டும். மீன் தாங்கிக்கொள்கிற ஏற்ற இறக்கத்தைச் சாமந்தி தாங்காது. உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, நைட்ரேட் 10-க்குக் கீழே என்று ஒரு நோட்டில் வாரா வாரம் எழுதினேன். நம் ஊர் வெயிலில் வீட்டுக்குள்ளேயே 31 டிகிரி அடிக்கும். ஆகவே சில்லர் வைத்தேன். "மனுஷனுக்கு ஃபேன், மீனுக்கு ஏசியா?" என்று அம்மா கேட்டார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர்தான், உப்பு இல்லை. குறைந்த இடத்தை உப்பு நீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தினமும் சுத்தமான ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். இந்த ஒரு சமாசாரம் புரியவே எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

நாள் வந்தது! ஈசூனில் ஒரு நண்பர் வீட்டுத் தொட்டியில் குமிழ் நுனிச் சாமந்தி ஒன்று தன்னைத்தானே இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. இந்த இனத்துக்கு அது கைவந்த கலை. நட்டநடுவே கிழிந்து, சில நாளில் இரண்டும் முழு உருவாகிவிடும். கடலிலிருந்து பிடிக்காமல், வீட்டிலேயே பிறந்த ஒரு பாதியை எனக்குத் தருவதாகச் சொன்னார். போனவுடன் மூன்று விஷயம் பார்த்தேன். வாய் இறுக மூடியிருக்கிறதா? பாதத்தில் கிழிசல் இல்லையா? கையுறை போட்ட விரலால் தொட்டால் ஒட்டுகிறதா? ஒட்டியது பாருங்கள், பலாப்பிசின் தோற்றது! நிறம் மாதுளை முத்து. ஒவ்வோர் உணர்கையின் நுனியும் வெந்து ஊதிய ஜவ்வரிசி போல.

டாக்சியில் மடியில் பையை வைத்துக்கொண்டு தெம்பனிஸ் வீட்டுக்குத் திரும்பினேன். ஓட்டுநர் அங்கிள் கண்ணாடியில் நாலுமுறை பார்த்துவிட்டு, "சோத்தோங்?" என்றார், கணவாயா என்று. இல்லை என்றேன். "சாப்பிடலாமா?" என்றார். இல்லை என்றேன். அதன் பிறகு அவருக்கு அதில் அக்கறையில்லை.

பையிலிருந்த தண்ணீரை அளந்தால் 1.022. நம் தொட்டியில் 1.025. அப்படியே தூக்கிப் போட்டால் அதிர்ச்சி தாங்காது. பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்தபின், சாமந்தியை அந்தத் தண்ணீரோடு ஒரு பாத்திரத்துக்கு மாற்றினேன். காற்றுக்குழாயின் ஒரு முனை தொட்டியில், மறுமுனை பாத்திரத்தில். நடுவில் ஒரு முடிச்சு. முடிச்சை இறுக்க இறுக்க ஓட்டம் சொட்டாகும். சொட்டு... சொட்டு... சொட்டு. இரண்டு மணிநேரம்! மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏறும் உறவினர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் நானும் மகளும் உட்கார்ந்திருந்தோம். மகள் சொட்டுகளை எண்ணினாள், அறுநூற்றிச் சொச்சத்தில் தூங்கிப் போனாள்.

பிறகு அலைப்பம்புகளை நிறுத்தினேன். சாமந்தியைக் கையில் ஏந்தி, பாறையில் நான் ஆறு மாதமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த குழியின் மேல், பாதம் கீழே இருக்கும்படி வைத்தேன். தொட்டியின் நட்டநடு. சோபாவிலிருந்து பார்த்தால் சிம்மாசனம்! அரைமணியில் பாதம் ஒட்டியது. விளக்கை நாற்பது சதவீதத்துக்குக் குறைத்தேன். பழக்கமில்லாத வெளிச்சத்தை முதல் நாளே கொட்டினால் வாடிவிடும், இரண்டு வாரத்தில் சிறுகச் சிறுகத்தான் ஏற்ற வேண்டும். பம்புகளின் வாயில் கரடுமுரடான பஞ்சு கட்டியிருந்தேன். அலையும் சாமந்தி பம்புக்குள் மாட்டினால் துண்டு துண்டாகிவிடும். இரும்புப் பூட்டைவிட அந்தப் பஞ்சை நம்புகிறேன்.

இனி ரசிக்க வேண்டியதுதான் என்று காலை நீட்டி உட்கார்ந்தேன். மறுநாள் இரவுதான் அது கிளம்பியது.

மூன்றாம் நாள் காலை ஆளைக் காணோம்! சிம்மாசனம் காலி. "உங்க பூ ஓடிப்போச்சு போல" என்றாள் மனைவி, காப்பி கலக்கியபடி. பாறையைப் புரட்டித் தேடக் கை பரபரத்தது. கூடாது! சாமந்தி தன் இடத்தைத் தானே தேடும். பாதத்தைச் செருகிக்கொள்ள ஆழமான இடுக்கு, தேவையான வெளிச்சம், அளவான நீரோட்டம் என்று அதற்கொரு கணக்கு இருக்கிறது. நாம் எடுத்து எடுத்துப் பழைய இடத்தில் வைத்தால் அது களைத்துப் போகும், பாதமும் கிழியும். அந்த இரண்டு நாளில் நான் செய்த ஒரே வேலை, அதன் வழியில் வரக்கூடும் என்று தோன்றிய ஒரு பவளத் துண்டைத் தள்ளி வைத்ததுதான். சாமந்தி போகிற போக்கில் அக்கம்பக்கத்தைக் கொட்டிவிடும்.

ஐந்தாம் நாள் கிடைத்தது. வலதுபக்கப் பின்மூலை. இரண்டு பாறைகள் சேரும் இடுக்கில் பாதத்தை ஆழமாகச் செருகிக்கொண்டு, பக்கச் சுவரைப் பார்த்தபடி விரிந்திருந்தது. சோபாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு!

ஆறாம் நாள் சாயங்காலம் அது சுருங்கிக் காய்ந்த அத்திப்பழம் போல ஆகிவிட்டது. எனக்குக் கைகால் ஓடவில்லை. பழைய நாற்றம் மூக்கில் அடித்தது. ஈசூன் நண்பருக்கு போன் செய்தேன். அவர் சிரித்தார். "கழிவை வெளியேத்துது. வயித்துத் தண்ணியை மாத்துது. தொடாதீங்க. வாய் பிளந்து, உடம்பு நார்நாராப் பிரிஞ்சாத்தான் பயப்படணும்." வாயிலிருந்து பழுப்பு நூல் போல ஏதோ வந்தது. மறுநாள் காலை முன்னைவிடப் பெரிதாக விரிந்து நின்றது. கண்ணாடியை முத்தமிட்டேன் என்று மகள் இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொய் இல்லை.

எட்டாம் நாள்தான் முதல் சாப்பாடு. ஈரச்சந்தையில் வாங்கிய இறாலில் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு துண்டு. இடுக்கியால் மெல்ல நீட்டினேன். ஓர் உணர்கை தொட்டது. ஒட்டியது. பக்கத்திலிருந்த நாலைந்து வளைந்து வந்து பிடித்தன. பிறகு அந்தப் பக்கத்து விளிம்பே, தாம்பூலம் மடிப்பதுபோல, நிதானமாக உள்ளே மடிந்தது. நடுவில் வாய் சுருக்குப்பை போலத் திறந்தது. இறால் உள்ளே. மூளையே இல்லாத ஓர் உயிர் இவ்வளவு நாசூக்காகச் சாப்பிடுகிறதே! அம்மா பக்கத்தில் நின்று பார்த்தவர், "எங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் இவ்வளவு அழகாச் சாப்பிட்டதில்ல" என்றார். வாரத்துக்கு ஒரு முறை போதும். மீதியை விளக்கும் பாசியும் பார்த்துக்கொள்ளும்.

பதினொன்றாம் நாள்! அதை எப்படி எழுதுவேன்? எங்களிடம் இரண்டு கோமாளி மீன்கள். பெரியது பெண், சிறியது ஆண். அந்த இனத்தில் பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறிவிடும். இரண்டும் பண்ணையில் பிறந்தவை. கடலைக் கண்டதில்லை, சாமந்தியைக் கண்டதில்லை. ஒரு வருடமாகப் பம்பு மூலையையே வீடென்று நினைத்துக் கிடந்தவை. அன்று பெரியது மெல்ல வந்தது. வாலால் ஒரு தட்டு. விலகியது. வயிற்றால் ஓர் உரசல். உதறிக்கொண்டு ஓடியது. மறுபடி வந்தது. தோலின் வழவழப்புப் படலம் அந்தக் கொட்டுக்குப் பழக வேண்டும். இருபது நிமிடம் இந்த ஆட்டம். பிறகு சட்டென்று தலைகுப்புற உள்ளே பாய்ந்து, மெத்தையில் புரளும் குழந்தையாகப் புரண்டது. "அப்பா! போயிடுச்சு! உள்ள போயிடுச்சு!" என்று மகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மலாய் அம்மா கதவைத் தட்டி என்ன ஆயிற்று என்று கேட்டார். அவரையும் உட்காரவைத்துக் காட்டினோம்.

இது எத்தனை நாள் இருக்கும் என்று அம்மா கேட்டார். எடின்பரோ பாட்டியின் கதையைச் சொன்னேன். 1828-இல் ஜான் டாலியல் என்ற இயற்கை ஆய்வாளர் ஸ்காட்லாந்துக் கரையிலிருந்து ஒரு சிறு சாமந்தியை எடுத்துவந்து கண்ணாடிக் குவளையில் வளர்த்தார். அவர் 1851-இல் இறந்தார். சாமந்தி இறக்கவில்லை. கைமாறிக் கைமாறி, ஊரார் செல்லமாகப் 'பாட்டி' என்று அழைக்க, 1887 வரை வாழ்ந்தது! பம்பு இல்லை, சில்லர் இல்லை, மின்சார விளக்கு இல்லை. அம்மா சற்று யோசித்துவிட்டு, "அப்ப எனக்கப்புறமும் இதுக்கு யாராவது இறால் நறுக்கணும்" என்றார். மறுநாளிலிருந்து சந்தையில் இறாலைத் தேர்ந்தெடுப்பது அம்மாதான்.

ஒரு பிரச்சினை பாக்கி இருந்தது. ஒரு வருடம் திட்டமிட்டுக் கட்டிய தொட்டி. சோபாவிலிருந்து பார்த்தால் காலிச் சிம்மாசனமும் சாமந்தியின் முதுகும். பாறையோடு திருப்பிவிடலாமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கையை முழங்கைவரை தண்ணீரில் விட்டேன். "அப்பா, அது இப்பத்தான் செட்டில் ஆயிருக்கு" என்றாள் மகள். கையை எடுத்துத் துடைத்துக்கொண்டேன்.

சோபாவின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை மனைவி. இப்போது அது வலதுபக்கச் சுவரோரம், தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. வருகிறவர்கள் ஏனென்று கேட்பார்கள். உட்காருங்கள் என்போம்.