தொண்டை போன ராத்திரி

அயர்ன் மெய்டன் இசைக்குழுவின் கச்சேரியைப் பற்றி அளந்து பேச எனக்கு வராது. நிதானமான விமர்சனம் வேண்டுபவர்கள் இப்போதே அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். 2008 பிப்ரவரி 1, மும்பை பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ், எம்.எம்.ஆர்.டி.ஏ. மைதானம். ஓர் உலகச் சுற்றுப்பயணத்தின் முதல் கச்சேரி, லண்டனில் இல்லை, டோக்கியோவில் இல்லை, நம் மும்பையில்! முந்தைய ஆண்டு அவர்கள் பெங்களூரு அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. போய்வந்த நண்பர்கள் பேசிப் பேசியே என் வயிற்றெரிச்சலைக் கிளப்பினார்கள். அதனால் இந்த முறை யாரிடமும் கேட்கவில்லை. சென்ட்ரலில் மும்பை ரயிலேறி உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் வந்த விதமே ஒரு கதை. வாத்தியம், மேடைச் சாமான், ஆட்கள் என்று அத்தனையும் ஒரே போயிங் 757-இல். அதை ஓட்டும் கேப்டன் யார்? பாடகர் புரூஸ் டிக்கின்சனேதான். இப்படியே ஊர் ஊராகப் பறந்து 45 நாளில் 23 கச்சேரி. ரஜினி படத்தில் வைத்தால்கூட 'கொஞ்சம் ஓவர்' என்றிருப்போம்.

மெய்டன் மேடையேறும் முன் ஸ்பீக்கரில் யூஎஃப்ஓ குழுவின் 'டாக்டர் டாக்டர்' பாட்டு ஒலிக்கும். விஷயம் தெரிந்தவர்களுக்கு அதுதான் முதல் மணி. அது கேட்டதுமே புழுதியில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த கறுப்பு டி-ஷர்ட் கூட்டம் துள்ளி எழுந்தது. விளக்கு அணைந்தது. 1940-இல் சர்ச்சில் ஆற்றிய போர்க்கால உரை இருட்டில் முழங்கியது. அது முடிந்த நொடியில் பளீரென்று வெளிச்சம், 'ஏசஸ் ஹை'! பிரிட்டிஷ் போர் விமானிகளைப் பற்றிய பாட்டு. விமானம் ஓட்டி வந்தவரே அதைப் பாடுகிறார் என்றால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற, அதுவரை ஒரு வார்த்தை பேசாத, மீசைக்காரர் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். நானும் குதித்தேன்.

இத்தனை வருஷம் என் பழைய டேப்ரிக்கார்டரில் எல்லாம் ஒன்றாகக் குழைந்துதான் கேட்டது. நேரில்தான் எந்த ஓசை யார் கையிலிருந்து வருகிறது என்று பிரிந்து தெரிந்தது. அந்த ஒன்றுக்காகவே டிக்கெட் காசு தகும். ஸ்டீவ் ஹாரிஸைப் பாருங்கள். 1975-இல் கிழக்கு லண்டனில் இந்தக் குழுவைத் தொடங்கியவர். பேஸ் கிட்டாரை பிளெக்ட்ரம் இல்லாமல் விரலாலேயே மீட்டுகிறார். 'தாம்-தக தாம்-தக' என்று குதிரைப் பாய்ச்சல் நடை. நெஞ்சுக்கூட்டில் நேராக வந்து விழுகிறது. மேடை விளிம்பில் இருக்கும் மானிட்டர் பெட்டியின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி நம் பக்கம் திருப்பி, எல்லாப் பாட்டின் எல்லா வரிக்கும் வாயசைக்கிறார். அப்போது அவருக்கு வயது 51!

அப்புறம் அந்த இரட்டை கிட்டார். நம் ஊர் இரட்டை நாகஸ்வரத்தில் இருவரும் பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தில் கைகோத்துப் போவார்கள். இங்கே டேவ் முர்ரே 'ச' பிடித்தால் ஏட்ரியன் ஸ்மித் 'க' பிடித்து, அந்த இடைவெளி குலையாமல் கூடவே ஓடுகிறார். மூன்றாமவர் ஜானிக் கெர்ஸ், கிட்டாரைத் தூக்கிப்போட்டுச் சுழற்றி வித்தை காட்டுகிறார். இவர் வாசிக்கிறாரா, சிலம்பம் சுற்றுகிறாரா என்று கேலி செய்பவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்கிறது, என்ன செய்ய?

'தி ட்ரூப்பர்' பாட்டுக்கு புரூஸ் சிவப்புப் பட்டாளச் சட்டையில் கிழிந்த பிரிட்டிஷ் கொடியை வீசிக்கொண்டு ஓடினார். வெள்ளைக்காரனை விரட்டிய ஊரில் அந்தக் கொடிக்கு இப்படி ஒரு கைதட்டலா என்று சிரிப்பு வந்தது. ஆனால் அது வெற்றிப் பாட்டு இல்லை. 1854-இல் கிரிமியப் போரில், குழப்பமான ஓர் உத்தரவை நம்பி பீரங்கிக்கு எதிரே குதிரையில் பாய்ந்த சிப்பாயின் சாவு அது.

உச்சம் எது என்று கேட்டால், 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மாரினர்'. கல்லூரியில் நோட்ஸ் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய அதே கோல்ரிட்ஜ் கவிதைதான். பதிமூன்று நிமிஷத்துக்கு மேல் நீளும் பாட்டு. நடுவில் வாத்தியங்கள் அடங்கி, காற்றில்லாக் கடலில் நிற்கும் கப்பலின் மரக்கட்டை கிரீச்சிடும் ஓசை கேட்கும். அந்த இடத்தில் கந்தல் அங்கி போர்த்து நின்றார் புரூஸ். பேராசிரியர் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லியும் புரியாத அந்தக் கிழ மாலுமியின் தவிப்பு அங்கே புரிந்தது.

'கேன் ஐ ப்ளே வித் மேட்னஸ்' மட்டும் எனக்கு எப்போதும் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். அந்த இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொண்டேன். நல்லவேளை. ஏனென்றால் பின்னால் 'ஃபியர் ஆஃப் தி டார்க்' வரவிருந்தது. அதில் பாட்டு வரியை மட்டுமல்ல, கிட்டார் வாசிப்பையே 'ஓ... ஓ...' என்று மைதானம் பாடும். பஞ்சாபி, மலையாளி, நாகா, மராத்தி, தமிழ் என்று அத்தனை பேரும் ஒரே சுருதியில். என் தொண்டை அங்கேதான் போனது. எகிப்திய மம்மி வேஷத்தில் அவர்களுடைய பூதம் எடி வந்து நின்றபோது என் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. தூக்குமேடைக்குப் போகிறவனின் பாட்டான 'ஹாலோட் பி தை நேம்' முடிந்து விளக்கு போட்ட பிறகும் யாரும் நகரவில்லை.

அந்தப் பயணத்தை 'ஃப்ளைட் 666' என்று 2009-இல் படமாகவும் ஆல்பமாகவும் வெளியிட்டார்கள். ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டும் வெவ்வேறு ஊர்க் கச்சேரியிலிருந்து எடுத்தது. முதல் பாட்டு 'ஏசஸ் ஹை', மும்பையில் பதிவானது. மெல்போர்ன், சிட்னி, டோக்கியோ எல்லாம் நமக்கு அப்புறம்தான்! வீட்டுக்கு வருகிறவர்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுகிறேன். அந்தக் கூச்சலில் என் குரலும் இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறேன். இல்லை என்று நிரூபிக்க இதுவரை யாராலும் முடியவில்லை.