மார்ட்டினி-ஹென்றியில் தோட்டா நுழையாதபோது

பிரிட்டிஷ் படை 1871-இல் ஏற்ற மார்ட்டினி-ஹென்றி ரைபிளில் ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான். லீவரைக் கீழே தள்ளினால் அறையை அடைக்கும் பிளாக் இறங்கும்; தோட்டாவைத் தள்ளி லீவரை ஏற்றினால் அறை மூடும். இவ்வளவு எளிய பொறியிலும் சில சமயம் தோட்டா முக்கால்வாசி நுழைந்து நின்றுவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது அழுக்கு. கருமருந்தின் எச்சம் அறைச் சுவரில் கல்லாய் இறுகியிருக்கும். சுடுநீரும் பித்தளைத் தூரிகையும் அதைக் கரைத்து எடுத்துவிடும். அதன் பின்னும் சிக்கினால், மருந்தில்லாத மாதிரித் தோட்டாவில் புகைக்கரி பூசி மெல்ல நுழைத்து எடுக்க வேண்டும். கரி அழிந்து பித்தளை பளிச்சிடும் இடமே இடிக்கும் இடம். கழுத்தில் பளிச்சிட்டால் உறை தடிமன் அல்லது குண்டு பருமன். தோளில் என்றால் உறை சரியாக அளவுக்குக் கொண்டுவரப்படவில்லை. விளிம்பில் என்றால் விளிம்பு தடிமன். அன்றைய தோட்டாவின் உறை சுருட்டிய மெல்லிய பித்தளைத் தகடு. இன்றைய உறையோ கனத்த முழுப்பித்தளை. கழுத்துச் சிக்கலுக்கு இது ஒரு காரணம்.

ஐயம் தீராவிட்டால் அறையை வார்ப்பெடுக்கலாம். ஏறத்தாழ 71 முதல் 88 டிகிரி செல்சியசுக்குள் உருகும் செரோசேஃப் உலோகக் கலவையை ஊற்றி, வெளியே எடுத்து, வார்த்து ஒரு மணி நேரம் ஆனதும் அளந்தால் அறையின் மெய்யளவு கிடைக்கும்.

திருத்த வேண்டியது தோட்டாவை. பழைய அறையைக் குடையக் கூடாது. குடைந்த இரும்பு திரும்பி வராது.