ஈரல் முடித்துவைக்கும் ஔஷதம்

வியாதியைத் தாக்க வல்ல ஒரு மூலக்கூறு, வாயால் உட்கொண்டால் குடலைத் தாண்டாமலே வீணாகுமானால், அதன்மேல் ஒரு ரசாயன மறைப்பைப் போர்த்தி உள்ளே செலுத்தி, அம்மறைப்பை நீக்கும் வேலையைச் சரீரத்தினிடமே ஒப்படைத்துவிடுவது முன்மருந்து என்னும் யுக்தி. சுவிட்ஸர்லாந்தின் பாஸல் நகரத்து ரோஷ் கம்பெனி இவ்வகையில் வெளியிட்டவற்றுள் வால்கான்ஸிக்ளோவிரையே நான் முதலில் வைப்பேன். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களை வதைக்கும் சைட்டோமெகலோ வைரஸுக்கு எதிரான கான்ஸிக்ளோவிர், விழுங்கினால் நூற்றுக்கு 6 பங்கே இரத்தத்தை எட்டியதனால், நாளம் வழியாகவே பெரும்பாலும் ஏற்றப்பட்டு வந்தது. வாலின் என்னும் அமினோ அமிலத்தை அதனோடு பிணைத்ததும், குடற்சுவரின் கடத்துபுரதம் அதனை ஆகாரத்தின் கூறாகவே பாவித்து ஏற்க, பின்னர் குடலிலும் ஈரலிலும் உள்ள நொதிகள் வாலினைத் துண்டித்துவிட, அந்தப் பங்கு 60 ஆயிற்று. எனினும், வெள்ளையணுக்களைக் குறைக்கும் அதன் துர்க்குணம் சற்றும் மாறவில்லை. வழி செப்பமாயிற்றே ஒழிய வஸ்து திருந்தவில்லை.

இந்தப் பேதத்தை மறந்ததன் விலையை இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சலுக்கான டாமிஃப்ளூவில் காணலாம். கலிபோர்னியாவின் கிலியட் கம்பெனியிடமிருந்து 1996-இல் ரோஷ் உரிமை பெற்று, 1999-இல் விற்பனைக்குக் கொணர்ந்த இம்மருந்தில், நூற்றுக்கு 5 பங்கும் உட்புகாத அமிலத்தை எத்தில் எஸ்டராக்கியதனால் 75 பங்கு இரத்தத்தை அடைகிறது. ரசாயனமாகப் பார்த்தால் அபாரமான வெற்றிதான். ஆனால் அரசாங்கங்கள் பெரும்பொருள் செலவிட்டு அதனைக் குவித்துவைத்த பிறகு, பல ஆண்டுகள் வற்புறுத்திக் கம்பெனியின் பரிசோதனை அறிக்கைகளைப் பெற்ற, மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரன் அமைப்பின் ஆய்வாளர்கள், வயது வந்தோரின் நோய்க்குறிகள் ஏறக்குறைய 17 மணி நேரமே முன்னதாகத் தணிகின்றன என்று 2014-இல் கண்டார்கள்.

இதனினும் ஆழமான தோஷம், மருந்தின் கடைசிப் பக்குவத்தை நாம் ஒப்படைக்கும் சரீரம் எல்லாருக்கும் ஒன்றல்ல என்பது. ஜெனீவா ஆஸ்பத்திரியில், இருமலுக்குச் சாதாரண அளவில் கோடீன் கொடுக்கப்பட்ட ஒரு நோயாளி, நான்காம் நாள் பிரக்ஞை இழந்தார். கோடீனில் ஒரு சிறு பகுதியைச் சி.ஒய்.பி.2டி6 என்னும் ஈரல் நொதி மார்ஃபினாக மாற்றுவதே இயல்பாயிருக்க, அவரிடம் அந்த மரபணுவின் பிரதிகள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தன. கோடீன் கழியும் மாற்றுப் பாதையை உடன் கொடுத்த பிற மருந்துகள் அடைத்திருக்க, சிறுநீரகமும் தளர்ந்திருந்தது. மார்ஃபினின் விளைவை முறிக்கும் நலாக்ஸோன் செலுத்தியதும் அவர் விழித்துக்கொண்டார். 2004-இல் வெளிவந்த அந்த விவரம், இயற்கையே செய்த முன்மருந்தைப் பற்றியதேனும், மனிதன் செய்தவற்றுக்கும் எச்சரிக்கையே. அந்த நொதி இயங்காதவர்களுக்கோ கோடீனால் வலி தீர்வது அரிது.

ரோஷின் மற்றொரு மாத்திரையான கேப்சிடபைன், மூன்று படிகளில் மாறி, புற்றுநோய்க் கட்டியின் உள்ளேயே மிகுதியாக 5-ஃப்ளூரோயூராசில் என்னும் புற்றுநோய் மருந்து ஆகும்படி வகுக்கப்பட்டது. இதைவிட நுட்பமான திட்டம் வேறு எனக்குத் தெரியவில்லை. இங்கே உயிருக்கு ஆபத்து விளைவது, உருவான மருந்தைச் சிதைக்கும் டி.பி.டி. நொதி குறைந்தவர்களுக்கு. 5-ஃப்ளூரோயூராசிலையே ஊசிவழி செலுத்தினாலும் இத்தோஷம் உண்டாயினும், மாத்திரையை நோயாளி வீட்டில் தனியே விழுங்குகிறார். வாய்ப்புண்ணும் கழிச்சலும் தொடங்கும்போது நிறுத்தச் சொல்ல அருகில் ஒருவருமில்லை. சிகிச்சைக்கு முன் அந்நொதியைச் சோதிக்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை சொன்னது 2020-இல்தான். மாத்திரையோ 1998 முதலே விற்பனையில் இருந்தது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தையும் இந்த யுக்தியின் கணக்கில் எழுதவே வேண்டும்.