ஒரே போனில் மொத்த வகுப்பு: பிளிக்கர்ஸ்

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று வகுப்பே கோரஸாகச் சொல்லும். அதை நம்பி அடுத்த பாடத்துக்குப் போய், விடைத்தாள் திருத்தும்போது தலையில் கை வைக்காத ஆசிரியர் இருக்க முடியாது. முன் பெஞ்சுக்காரர்கள் நாலு பேர் போடும் சத்தத்தில் மற்றவர்களின் மௌனம் அமுங்கிப்போகிறது. அந்த மற்றவர்களிடம் ஆளுக்கு ஆள் பதில் வாங்கித் தருகிறது பிளிக்கர்ஸ் என்ற செயலி.

ஆசிரியர்களுக்கு என்று பரிந்துரைக்கப்படும் வினாடி வினாச் செயலிகளில் பெரும்பாலானவை, மாணவர் கையிலும் ஒரு போனோ கணினியோ இருக்கும் என்ற நினைப்பில் செய்தவை. பையில் போன் இருந்தாலே பெற்றோரை அழைத்துவரச் சொல்லும் பள்ளியில் அவற்றை வைத்து என்ன செய்வது? பிளிக்கர்ஸில் போன் ஆசிரியரிடம் மட்டும்தான். மாணவர்களுக்கு ஆளுக்கொரு காகித அட்டை.

அட்டையில் கறுப்புக் கட்டங்கள், கியூஆர் குறியீட்டுக்குப் பங்காளி போல. நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எது விடை என்று நினைக்கிறார்களோ அந்தப் பக்கம் மேலே வரும்படி திருப்பிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு அட்டையிலும் வடிவம் வேறு என்பதால் பக்கத்திலிருப்பவனின் அட்டையைப் பார்த்துத் திருப்பினால் பலன் இல்லை. 40 அட்டைகள் கொண்ட தொகுப்பையும், பெரிய வகுப்புக்கான 63 அட்டைத் தொகுப்பையும் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கொஞ்சம் தடித்த தாளில் அச்சடித்தால் போதும். ஜெராக்ஸ் கடையில் "லேமினேஷன் போட்டுடலாமா?" என்பார்கள். வேண்டாம். பளபளப்பில் விளக்கு வெளிச்சம் பட்டால் கேமரா தடுமாறும்.

கேள்வியைப் புரொஜெக்டரில் காட்டலாம். இல்லையென்றால் கரும்பலகையில் எழுதிப்போட்டாலும் நடக்கும். எல்லோரும் அட்டையைத் தூக்கியதும் செயலியின் கேமராவை இடமிருந்து வலமாக மெல்ல ஓட்ட வேண்டும். திரையில் ஒவ்வொரு பெயராகத் தோன்றும். சரி என்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்தால் படிக்காது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர்களின் அட்டை இருண்டு தெரியும். கிட்டே போய்த்தான் எடுக்க வேண்டும். முதல் வகுப்பில் பாதி நேரம் "ஓரத்தைப் பிடிடா" என்று சொல்வதிலேயே போகும். பழகிவிட்டால் ஒரு சுற்று சட்டென்று முடிந்துவிடும்.

இனி விஷயம் கேள்வியில் இருக்கிறது. 0.5, 0.45, 0.125, 0.05 – இவற்றில் பெரியது எது? புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படிக்கும் பிள்ளை 125 என்று பார்த்து சி-யைத் தூக்கும். கவனக்குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்த ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. சரியாக 0.5 என்றவர்களிலும், இலக்கம் குறைந்தால் எண் பெரிது என்று நினைப்பவர்கள் ஒளிந்திருப்பார்கள். அவர்களைப் பிடிக்க 0.4, 0.47 என்று அடுத்த கேள்வி போட வேண்டும். தவறான விடைகளை யோசித்து வைக்காவிட்டால் இந்த அட்டைகள் வெறும் விளையாட்டுச் சாமான்.

விடைகள் பிரிந்து வந்தால் உடனே சரியானதைச் சொல்லிவிடாமல், பக்கத்தில் இருப்பவரிடம் வாதாட விட்டு மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991-இல் இயற்பியல் வகுப்பில் தொடங்கிய முறை இது. பிளிக்கர்ஸை நான் சிபாரிசு செய்வதற்கு முக்கியக் காரணமே இந்த இரண்டாம் சுற்றுதான்.

நார்வேயிலிருந்து வரும் கஹூட் என்ற வினாடி வினாச் செயலியில் இசை, கவுன்ட்டவுன், தரவரிசை என்று திருவிழாவே நடக்கும். கணினி ஆய்வகம் உள்ள பள்ளியில், பாடம் முடிந்து திருப்பிப் பார்ப்பதற்கு அது நல்லது. ஆனால் வழக்கமான ஆட்டத்தில் சரியான விடைக்கும் வேகத்தைப் பொறுத்துத்தான் மதிப்பெண். நிதானமாக யோசித்துச் சரியாகச் சொல்லும் பிள்ளை பட்டியலில் கீழே கிடக்கும்.

பிளிக்கர்ஸிலும் குறைகள் உண்டு. நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு சரி. கணக்கின் படிகளையோ ஒரு பத்தி எழுத்தையோ இதில் பார்க்க முடியாது. கேள்விகளைத் தமிழில் தட்டலாம், செயலியின் பொத்தான்கள் ஆங்கிலத்தில்தான். இலவசக் கணக்கில் ஒரு தொகுப்புக்கு ஐந்து கேள்விகள்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். காசு கொடுக்காதீர்கள். ஒரு பீரியடில் ஐந்து கேள்வியை ஒழுங்காக அலசி முடிப்பதே பெரிய காரியம்.

நல்ல கேள்வி கிடைத்தால் ஆசிரியர்களின் டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் தாராளமாகப் பகிருங்கள். சிவப்பும் பச்சையுமான முடிவுத் திரையைப் படம்பிடித்துப் பெற்றோர் குழுவில் போடுவது மட்டும் கூடவே கூடாது. போட்ட மறுநிமிடம் யார் பிள்ளை மக்கு என்ற பேச்சு தொடங்கிவிடும். புரொஜெக்டரில் காட்டும்போதும் பெயர்களை மறைத்துவிடுங்கள். அதற்கு வசதி இருக்கிறது. தவிர, இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சம்மதம் கேட்கிறது. ஆகவே பெயரையே ஏற்றாமல் வருகைப்பதிவேட்டு எண்ணை மட்டும் கொடுப்பது நல்லது. அட்டை எண்ணும் அதுவாகவே இருக்கட்டும். யாருக்கு எந்த அட்டை என்று தினமும் தேடும் வேலையும் மிச்சம்.