கில்பர்ட் ஒயிட்டின் இயற்கையுரையும் இறைநோக்கும்

சமயப் பற்றுடைய ஒருவர் இயற்கையைக் குறித்து எழுதிய நூலை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் ஒரே வழியை மேற்கொள்கின்றனர். இறைவன் பெயர் நூலுள் எத்தனை இடங்களில் வருகின்றது என எண்ணுவர். படைப்பின் பெருமையைப் புகழும் பகுதிகளைத் தொகுப்பர். 'இன்ன சமயத்தாரின் இயற்கைக் கொள்கை' எனத் தலைப்பிட்டு ஓர் இயலை முடிப்பர். பட்ட ஆய்வேடுகளை மதிப்பிடும் கடமை வாய்த்தோர்க்கு இம்முறை நன்கு பழகியதே. முற்றும் பிழையென்று இதனைத் தள்ளிவிடுவதற்கில்லை. துதிப்பாடல்களை ஆராய்வதற்கு இது போதும். ஆயின், கில்பர்ட் ஒயிட் எழுதிய 'செல்போர்னின் இயற்கை வரலாறு' என்னும் நூலின்முன் இவ்வளவுகோல் பயன்படாது ஒழிகின்றது. எழுதியவரோ திருச்சபைக் குரு. நூலிலோ இறைவன் பெயர் அரிதாகவே காணப்படுகின்றது. அங்ஙனமாயின், இதனைச் சமயச் சார்பற்ற அறிவியல் நூலென்று ஒதுக்கிவிடலாமா? ஒதுக்குவோரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது என்பதே ஈண்டு யாம் கொள்ளும் கருத்து.

ஒயிட் 1720ஆம் ஆண்டு தென் இங்கிலாந்தின் ஆம்ப்சயர் நாட்டுப்புறத்திலுள்ள செல்போர்ன் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். பாட்டனார் அவ்வூர்க் குருவாய் இருந்தவர். ஒயிட் ஆக்ஸ்போர்டில் ஓரியல் கல்லூரியில் பயின்று அதன் உறுப்பினரும் ஆனார். செல்போர்ன் கோயிலின் தலைமைக் குருவை அமர்த்தும் உரிமை மற்றொரு கல்லூரியாகிய மாக்டலனுக்கு உரியதாதலின், அவர் தம் சொந்த ஊரில் உதவிக் குருவாகவே பணிபுரிய நேர்ந்தது. 1793இல் அவ்வூரிலேயே மறைந்தார். 1789ஆம் ஆண்டினைத் தாங்கி வெளிவந்த அவருடைய நூல், தாமசு பென்னண்ட், டெயின்சு பாரிங்டன் என்னும் அறிஞர் இருவர்க்கு எழுதிய 110 மடல்களின் தொகுப்பாகும். முன்னவர்க்கு 44, பின்னவர்க்கு 66. வெளியிட்டவர் ஒயிட்டின் உடன்பிறந்தாராகிய பெஞ்சமின்.

மடல் என்னும் இவ்வுருவம் சிறிது கருதத்தக்கது. தொடக்கத்திலுள்ள ஒன்பது மடல்களும் உண்மையில் அனுப்பப்பட்டவை அல்ல. நூலுக்கென ஊரின் நில அமைப்பையும் மரங்களையும் விளக்கப் பின்னர் எழுதிச் சேர்க்கப்பட்டவை. இது வாசகரை ஏய்க்கும் செயலென்று குறை கூறுவாருண்டு. யாம் அவ்வாறு கருதவில்லை. தம் அன்றாடக் காட்சியை இன்னொருவர்க்குச் சொல்லும் முறையிலன்றித் தனித்த கட்டுரையாக எழுத அவர்க்கு மனம் வரவில்லை என்பதையே அது காட்டுகின்றது. சொல்பவனும் கேட்பவனும் எதிரெதிரே இருத்தல் அந்நடைக்கு உயிர்.

மடல்கட்கு அடியில் வேறொரு நூல் கிடக்கின்றது. அதுவே நாட்குறிப்பு. 1751 முதல் தோட்டக் குறிப்பு எழுதிவந்த ஒயிட், 1768 முதல் பாரிங்டன் வகுத்தளித்த அச்சிட்ட தாள்களில் நாள்தோறும் குறித்து வந்தார். காற்றழுத்தம், வெப்பம், காற்றின் திசை, மழை, பூத்த செடி, தோன்றிய பறவை, பூச்சி எனக் கட்டங்கள் பிரிக்கப்பட்ட தாள்கள் அவை. இறக்குமளவும் ஏறத்தாழ 25 ஆண்டுகள் அக்கட்டங்களை நிரப்பினார். (அதே 1768ஆம் ஆண்டில்தான் லின்னேயசின் மாணவராகிய கேனிக் தரங்கம்பாடிக்கு வந்து செடிகளைத் தொகுக்கலானார். அங்கு 1776இல் வந்துசேர்ந்த குருவாகிய இராட்லர் செடிகளைத் தொகுத்த கையாலேயே தமிழ் அகராதியும் தொகுத்தார். சமயப் பணியும் செடியாராய்ச்சியும் ஒருவர்பாலே அமைதல் அந்நூற்றாண்டின் பொதுவியல்பு.)

இயற்கையைக் கண்டு இறைவனை நிறுவுதல் அக்காலத்து இங்கிலாந்தில் தனியொரு நூல்வகையாகவே வளர்ந்திருந்தது. யான் ரே 1691இலும், டெராம் 1713இலும் எழுதிய நூல்கள் அவ்வகையின. பறவையின் அலகும் மீனின் செதிலும் படைத்தோன் அறிவுக்குச் சான்றென அவை அடுக்கிச் செல்லும். ஒயிட் இவ்விருவரையும் கற்றவர். ரேயிடத்துப் பெருமதிப்பும் உடையவர். எனினும் அவர்தம் நூலில் அடுக்கிய சான்றுகள் இல்லை. இறையருளைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசும் இடம் ஒன்றைக் காண்போம். ரிங்மர் என்னும் ஊரில் தம் அத்தையார் வளர்த்த ஆமையை 1780ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மண்ணுக்குள்ளிருந்து அகழ்ந்து, பெட்டியில் மண்ணோடு வைத்து, 80 மைல் வண்டியிற் கொணர்ந்தார். 'திமோதி' என்பது அதன் பெயர். (அது பெண்ணாமை என்பது பின்னரே தெரியவந்தது. அதன் ஓடு இலண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தில் உள்ளது.) ஆண்டில் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும் இவ்வுயிர்க்கு இத்துணை நீண்ட வாழ்நாளை இறைவன் ஏன் ஈந்தான் என அவர் வியக்கின்றார். வாழ்வைச் சுவைக்கத் தெரியாததற்கு வாழ்வு மிகுதியாகக் கொடுக்கப்பட்டுள்ளதே என்பது அவர்தம் ஐயம். ரேயோ டெராமோ இவ்விடத்தில் ஒரு விடை தந்திருப்பர். ஒயிட் விடை தரவில்லை. ஆமை மழைக்கு அஞ்சி ஒதுங்குவதையும், தனக்கு உணவிடும் முதியவளை அடையாளம் கண்டு நகர்ந்து வருவதையும் அவர் குறித்துச் செல்கின்றார்.

குயிலைப் பற்றிய மடலும் இத்தகையதே. பிற பறவையின் கூட்டில் முட்டையிட்டுச் செல்லும் அதன் செயல், தாய்மை என்னும் முதல் நெறிக்கே மாறானதாக அவர்க்குத் தோன்றுகின்றது. அங்கு விவிலியத்தின் யோபு நூலில் தன் குஞ்சுகளைப் பேணாத தீக்கோழி பேசப்படும் இடத்தை நினைவு கூர்கின்றார். யோபு நூல் விடைகளின் நூலன்று என்பதை அறிந்தோர் இத்தேர்வின் நுட்பத்தை உணர்வர். மறைநூலில் ஒயிட் நாடிச் செல்வது விளக்கமுடியாமையைப் பேசும் பகுதியையே.

இனி, நூலின் இரண்டாம் மடலில் வரும் ஒரு நிகழ்ச்சி. எம் கருத்தில் நூல் முழுமையின் தகுதியையும் அறிதற்கு இதுவே போதும். லோசல் என்னும் காட்டில் நடுவே பருத்துப் புடைத்த ஓக்கு மரம் ஒன்று நின்றது. அதன் உச்சியில் அண்டங்காக்கையினும் பெரிய ரேவன் என்னும் காக்கையிணை ஆண்டாண்டாகக் கூடு கட்டி வாழ்ந்தது. ஊர்ச் சிறுவர் பலர் ஏற முயன்றனர். புடைப்பை எட்டியதும் அஞ்சி இறங்கினர். ஒருநாள் அம்மரத்தை வெட்ட ஆள்கள் வந்தனர். ஆம்ப்டன் அரண்மனைக்கு அருகிலுள்ள பாலத்துக்கென அக்காட்டு மரங்கள் விலைபோயிருந்தன. பிப்பிரவரித் திங்கள் அது. அப்பறவை அடைகாக்கும் காலம். அடியில் வாள் இழுக்கப்பட்டது, வெட்டிய வாயில் ஆப்புகள் அறையப்பட்டன, கொட்டாப்புளியின் ஓசை காடெங்கும் எதிரொலித்தது, மரம் சாய்ந்தது. தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழவில்லை. மரம் விழுங்கால் கூட்டினின்று வீசப்பட்டுக் கிளைக்குச்சிகளால் அடியுண்டு இறந்து வீழ்ந்தது. அத்தாயன்பு இதனினும் நல்ல முடிவுக்கு உரியது என ஒரு சொல்; அவ்வளவே.

இதனைப் படிக்கும்போது எழும் வினாக்கள் பல. மரம் வெட்டியோரை ஒயிட் பழிக்கின்றாரா? இல்லை. பறவையின் இறப்பிலிருந்து ஓர் அறவுரை வடிக்கின்றாரா? குருவானவர் ஒருவர்க்கு இதனினும் ஏற்ற வாய்ப்பு வேறு கிட்டுமா? ஆயினும் வடிக்கவில்லை. வாளும் ஆப்பும் கொட்டாப்புளியும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன; ஒவ்வொரு வினைக்கும் பறவைக்குத் தப்பிச்செல்ல ஒரு வாய்ப்பு இருந்தது என்பதை அவ்வடுக்கே சொல்லிவிடுகின்றது. அவலச் சுவை தோன்றுதற்குக் காரணம் அடைமொழிகள் அல்ல, வினைகளின் நிரல் என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய சான்றைக் காண்டல் அரிது.

திணைக்கோட்பாட்டைக் கொண்டு இந்நூலை அளக்கலாமா எனத் தமிழ் மாணவர் வினவுதல் இயல்பு. உவமை காட்டி ஒப்பிடும் ஆர்வம் நம்மிடையே மிகுதியாதலின், இதனைச் சிறிது தெளிவாகக் கூறவேண்டும். தொல்காப்பியனார் கருப்பொருளை நிரல்படுத்துங்கால் தெய்வத்தையும் உணவோடும் விலங்கோடும் மரத்தோடும் புள்ளோடும் ஒருங்கு வைத்தார். அவையனைத்தும் உரிப்பொருளுக்குத் துணையாவன. சங்கப் பாட்டில் நாரை நாரையாகவும் இருக்கும். தலைவியின் தனிமைக்குச் சான்றாகவும் நிற்கும். ஒயிட்டின் காக்கை எவர் தனிமைக்கும் சான்றாக நிற்பதன்று. அவர்தம் நூலில் உரிப்பொருள் என்று ஒன்று இல்லை; கருப்பொருளே உள்ளது. ஆதலின் திணைச் சட்டகத்தை அதன்மேல் ஏற்றினால், இல்லாததொன்றைத் தேடி இளைப்போம். ஆயினும் ஒப்புமையால் ஒரு பயன் உண்டு. புள்ளும் விலங்கும் மனிதன் உள்ளத்தைச் சொல்வதற்கன்றித் தமக்காகவே நூலில் இடம்பெறுதல் எத்துணைப் புதுமை என்பது அகப்பாட்டிற் பழகிய கண்ணுக்கே விரைவில் புலனாகும்.

ஒயிட்டுக்கு ஒரு நூற்றாண்டு பின் வந்த ஆப்கின்சு (1844–1889) என்னும் கவிஞரும் குருவே. அவர் கத்தோலிக்கர், இயேசு சபையினர். அவர்தம் நாட்குறிப்பில் 1873 ஏப்பிரல் 8ஆம் நாள் தோட்டத்து ஆஷ் மரம் ஒன்று வெட்டப்பட்ட செய்தி உள்ளது. அது கண்டு தாம் இறந்துபடவே விரும்பியதாக எழுதுகின்றார். ஒவ்வொரு பொருளின் தனியுருவிலும் படைத்தோனைக் கண்டவர் அவர். அத்தனியுருவைக் குறிக்கப் புதுச்சொல்லும் படைத்தவர். மரம் வீழ்ந்தபோது அவர்க்கு ஓர் இறைவெளிப்பாடே வீழ்ந்தது. உணர்ச்சியின் ஆழத்தில் ஆப்கின்சு மேம்பட்டவர் என்பதில் ஐயமில்லை. ஆயின், அக்குறிப்பில் மரத்தினும் பார்ப்பவரே பெரிதும் புலப்படுகின்றார். ஒயிட்டின் காட்சியில் பார்ப்பவர் முற்றும் மறைந்துவிடுகின்றார். இவ்விரண்டில் எது உயர்ந்தது என முடிவு கட்டவேண்டுவதில்லை. எனினும், தன்னை மறைத்துக்கொள்ளுதலும் ஒருவகைப் பணிவென்று கிறித்தவ மரபு கொள்ளுவதாயின், ஒயிட்டின் நூலைச் சமயச் சார்பற்றது எனல் எங்ஙனம் பொருந்தும்?

அப்பணிவின் மற்றொரு கூறு அளத்தல். வயல்களில் வாழும் மிகச் சிறிய எலியினத்தைக் கண்டு கூறியபோது, இரண்டு எலிகளைத் தராசிலிட்டு ஒரு செப்பு அரைப்பென்னிக் காசுக்குச் சரியாக நிறுத்துக் காட்டினார். ஏழை மக்கள் கோரைத்தண்டின் உட்பகுதியைக் கொழுப்பில் தோய்த்து விளக்காக எரிப்பதைப் பற்றி ஒரு மடல் எழுதினார். உலர்ந்த தண்டு ஒரு பவுண்டில் 1600க்கு மேற்பட்டவை உள்ளன. ஒரு பார்திங் செலவில் ஐந்தரை மணிநேரம் ஒளி கிடைக்கும் என்பது அவர் கணக்கு. மெழுகுதிரி வாங்கும் ஏழைக் குடும்பம் காசை வீணாக்குகின்றது என்னும் கவலையாற் பிறந்த கணக்கு அது. மண்புழுவைப் பற்றி 1777இல் எழுதிய மடலும் இவ்வுள்ளத்தின் வெளிப்பாடே. இழிந்ததெனக் கருதப்படும் அவ்வுயிர் இல்லையேல் நிலம் இறுகி விளைவற்றுப் போகும் என்றார். டார்வின் மண்புழு பற்றிய தனிநூலை வெளியிட்டது 1881இல்.

குறையும் உண்டு. தகைவிலான் முதலிய பறவைகள் குளிர்காலத்தில் கடல்கடந்து செல்கின்றனவா, அன்றி உள்ளூரிலேயே எங்கோ ஒடுங்கி உறங்குகின்றனவா என்னும் வினா அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. ஜிப்ரால்டரிற் குருவாய் இருந்த தம்பி யான், அவை நீரிணையைக் கடத்தலைக் கண்டு எழுதிய பின்னரும், சில பறவைகளேனும் உறங்கக்கூடும் என்னும் எண்ணத்தை அவர் கைவிட்டாரல்லர். ஐயத்தை ஐயமாகவே வைத்திருந்தார் எனச் சிலர் இதனைப் புகழ்வர். எமக்கு அது மிகையெனத் தோன்றுகின்றது. தம் சிற்றூரின் பறவை குளிர்காலத்திலும் தம் ஊரிலேயே இருக்கவேண்டும் என்னும் ஆசையே அவர் கண்ணை மறைத்தது போலும். ஓரூரை ஆழ நேசித்தவர்க்கு நேரும் குறை இது.

இறுதியாக 1783ஆம் ஆண்டுக் கோடை. சூன் 23 முதல் சூலை 20 வரை நாடெங்கும் ஒருவகைப் புகைமூட்டம் கவிந்திருந்ததை ஒயிட் பதிவு செய்துள்ளார். நண்பகல் ஞாயிறு மேகம் மறைத்த திங்களைப் போல ஒளியிழந்து நின்றது. அறைத்தரையில் துருநிறமான வெளிச்சம் படிந்தது. கொன்ற விலங்கின் இறைச்சி மறுநாளே உண்ணத் தகாததாயிற்று. ஊரார் அச்சங்கொண்டனர். ஐசுலாந்தில் லாக்கி எரிமலைப் பிளவுகள் அவ்வாண்டு சூன் 8ஆம் நாள் வெடித்ததே காரணம் என்பதை இன்று அறிவோம்; ஒயிட் அறியார். இத்தாலியின் தென்பகுதியிலும் சிசிலியிலும் நேர்ந்த நிலநடுக்கங்களையும், நார்வேக் கடலில் எழுந்த எரிமலையையும் அவர் அருகே வைத்துக் காட்டுகின்றார்; அறிவுடையோரும் அஞ்சுதற்கு இடமிருந்தது என ஒப்புகின்றார். அதே புகைமூட்டத்தைக் கண்ட கவிஞர் கூப்பர், 1785இல் வெளிவந்த தம் நெடும்பாட்டில் அதனை உலகின் முதுமைக்கும் இறைவன் சினத்துக்கும் அறிகுறியாகப் பாடினார். கூப்பர் குருவல்லர். மேடையேறிப் பேசும் உரிமையும் கடமையும் உடைய ஒயிட்டோ, மில்ட்டனின் காப்பியத்தில் வரும் ஒளிகுன்றிய ஞாயிற்றின் உவமையை நினைவுகூர்ந்து, அவ்வுவமையே மாந்தரின் மூடவச்சத்தைச் சுட்டுவது எனக் குறித்து, மடலை முடித்துவிடுகின்றார்.