பச்சை எரிகிறது, பாதை வேறு

ஸ்வீடன்காரர்களின் முல்வாட் விபிஎன்னுக்கு மாதம் 5 யூரோ. 2009இல் ஆரம்பித்தபோதும் அதுதான் விலை, இன்றும் அதுதான். மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பாதிக்குப் பாதி தள்ளுபடி, சலுகை முடிய இன்னும் சில நிமிடம்தான் என்று பதறவைக்கும் கடிகாரம் கிடையாது. விபிஎன் விற்பவர்களில் ஒருவர்மேல் எனக்கு மரியாதை வந்ததே இதில்தான்.

கணக்கு தொடங்குவதும் அப்படித்தான். பெயர் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம், போன் நம்பர் வேண்டாம். ஒரு பொத்தானைத் தட்டினால் 16 இலக்க எண் வரும். பயனர் பெயரும் அதுவே, பாஸ்வேர்டும் அதுவே. யார் கையில் அந்த எண் கிடைக்கிறதோ அவர் உள்ளே வந்துவிடலாம் என்பதால் பத்திரம் முக்கியம். கார்டில் கட்டினால் பெயர் பதிவாகுமே என்று தயங்குகிறவர்கள் உறையில் ரொக்கத்தைப் போட்டு அவர்கள் முகவரிக்கு அனுப்பலாம். அந்த அளவுக்கு எனக்கு வைராக்கியம் இல்லை; கார்டுதான்.

வயர்கார்டு என்ற விபிஎன் நெறிமுறை, வேகம், எந்தெந்த நாட்டில் சர்வர் என்பதெல்லாம் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூர் சர்வர் வழியாக வீடியோ கால் தடங்கலில்லாமல் போகிறது. எனக்கு அது போதும். நான் பல வாரமாகப் பின்தொடர்ந்தது ஒரே விஷயத்தை. செயலியில் பச்சை எரியும்போது நம் போக்குவரத்து உண்மையிலேயே விபிஎன்னின் குறியாக்கச் சுரங்கத்துக்குள்தான் போகிறதா?

எல்லா விபிஎன் விளம்பரத்திலும் 'கில் ஸ்விட்ச்' என்ற வார்த்தை வந்துவிடும், கூடவே 'ராணுவத் தரக் குறியாக்கம்' என்ற அலங்காரமும். குறியாக்கத்தை உடைத்து யாரும் உள்ளே வருவதில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போகத்தான் பார்ப்பார்கள். சுரங்கம் அறுந்தால் இணையத்தையே துண்டிப்பது கில் ஸ்விட்சின் வேலை. அறுந்தால்தானே? 2024 மே மாதம் லெவியாதன் செக்யூரிட்டி குழுமம் 'டனல்விஷன்' என்ற பெயரில் வெளியிட்ட ஓட்டையில் சுரங்கம் அறுபடுவதே இல்லை.

வைஃபையில் சேர்ந்ததும் டிஎச்சிபி என்ற ஏற்பாட்டின் மூலம் ரவுட்டர் நமக்கு ஒரு ஐபி முகவரி கொடுக்கிறது. லாட்ஜில் சாவி கொடுக்கிற வரவேற்பாளர் மாதிரி. அதே கையோடு அது வழியும் சொல்லலாம்: 'இன்ன தெருவுக்குப் போவதென்றால் பின்வாசல் வழியாகப் போங்கள்.' இந்த வழி சொல்லும் வசதிக்கு ஆப்ஷன் 121 என்று பெயர், 2002லிருந்து இருக்கிறது. விபிஎன் 'எல்லாமே என் வழியாக' என்று பொதுவாகத்தான் சொல்லிவைத்திருக்கும். கணினியின் வழித்தட விதிப்படி குறிப்பாகச் சொன்ன வழியே பொதுவானதை வெல்லும். ஆகவே வரவேற்பாளர் கெட்டவராக இருந்தால் அவர் குறிப்பிட்ட முகவரிக்கான போக்குவரத்து சுரங்கத்துக்குள் நுழையாமலே அவர் கைக்குப் போய்விடும். சுரங்கம் நலமாக இருக்கிறது, செயலி பச்சை காட்டுகிறது, கில் ஸ்விட்ச் தூங்குகிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். என்னிடமிருக்கும் பழைய ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் ஓடுகிறது. அதன் டிஎச்சிபி அமைப்பில் 8.8.8.8 என்ற ஒரே முகவரிக்கு மட்டும் தனி வழி ஒன்றை ஆப்ஷன் 121இல் சேர்த்தேன். (வழக்கமான வெளிவழியையும் அதே வரியில் எழுத வேண்டும். 121 வந்துவிட்டால் கருவிகள் பழைய கேட்வே வரியை மதிப்பதில்லை.) லினக்ஸ் லேப்டாப்பில் முல்வாட் செயலியை நிறுத்திவிட்டு, அதே கணக்கின் வயர்கார்டு கோப்பை நேரடியாக ஓட்டினேன். சுரங்கம் எழுந்தது. 8.8.8.8க்கு எந்த வழியாகப் போவாய் என்று லினக்ஸிடம் கேட்டால், சுரங்கத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் வைஃபை கார்டின் பெயரைச் சொன்னது. பிங் அனுப்பினால் பாக்கெட்டுகள் ரவுட்டரில் திறந்த மேனியாக வந்து விழுந்தன. மற்ற எல்லாத் தளங்களுக்குமான போக்குவரத்து ஒழுங்காகச் சுரங்கம் வழியே போய்க்கொண்டிருந்தது. ஐபி சோதிக்கும் பக்கங்கள் சிங்கப்பூர் என்றே காட்டின. எந்த அறிகுறியும் இல்லை என்பதுதான் இதில் கொடுமை.

பிறகு முல்வாட் செயலியை ஓடவிட்டு அதையே திரும்பச் செய்தேன். வழித்தடம் அப்போதும் தவறாகத்தான் இருந்தது. ஆனால் பாக்கெட் வெளியே போகவில்லை. வழித்தடத்தை மட்டும் நம்பாமல், சுரங்கத்தில் ஏறாத எதுவும் பொது முகவரிக்குப் போகக்கூடாது என்று செயலி ஃபயர்வாலிலும் எழுதி வைக்கிறது. 8.8.8.8 கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எந்த முகவரியைத் தடுத்தால் உங்கள் போக்குவரத்து நிற்கிறது என்று பார்த்து ரவுட்டர்க்காரர் யூகிக்க இன்னும் இடமிருக்கிறது. ஆனால் போக்குவரத்தே கையில் கிடைப்பதற்கும் யூகத்துக்கும் வித்தியாசம் உண்டு.

ஓட்டை வெளியான உடனே முல்வாட் எழுதிய குறிப்புதான் என்னை வாடிக்கையாளராகவே வைத்திருக்கிறது. அதன் சாரம்: விண்டோஸ், மேக், லினக்ஸில் எங்கள் ஃபயர்வால் காப்பாற்றுகிறது. ஆண்ட்ராய்டு ஆப்ஷன் 121ஐக் கண்டுகொள்வதே இல்லை என்பதால் தப்பித்தது. ஐபோனில் எங்கள் செயலி பாதிக்கப்படுகிறது. தன் பொருளில் ஓட்டை என்று தானே சொல்கிற கடைக்காரரை இந்தத் தொழிலில் அதிகம் பார்க்க முடியாது. 2022 அக்டோபரிலும் இதே கதை. ஆண்ட்ராய்டில் 'விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு' என்ற பூட்டைப் போட்டாலும், வைஃபையில் சேரும்போதெல்லாம் 'நெட் இருக்கிறதா' என்று பார்க்கும் சோதனை சுரங்கத்துக்கு வெளியே போகிறது என்று போட்டு உடைத்தவர்கள் இவர்களே. அது திட்டமிட்ட வடிவமைப்புதான் என்று ஆண்ட்ராய்டு தரப்பிலிருந்து பதில் வந்தது. 2024 மே மாதம் இன்னொன்று: விபிஎன் மறுபடி இணையும் இடைவெளியில் தளத்தின் பெயருக்கு முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்விகள் சில செயலிகளிலிருந்து கசிந்தன.

கசிந்தால்தான் என்ன என்று கேட்கலாம். எச்டிடிபிஎஸ் இருக்கும்வரை உங்கள் பாஸ்வேர்டோ வங்கிக் கணக்கோ லாட்ஜ்காரருக்குத் தெரியாது. காபி ஷாப் வைஃபையில் பணம் பறிபோகும் என்று யூடியூபில் பயமுறுத்துவதெல்லாம் சந்தா விற்க. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியும். ஒரு வழக்கறிஞருக்கோ பத்திரிகையாளருக்கோ, வீட்டுக்குத் தெரியாமல் மருத்துவத் தகவல் தேடுகிறவருக்கோ அதுவே பெரிய விஷயம்.

விபிஎன் போட்டதும் அந்தத் தகவல் மறைந்துவிடுவதில்லை. இணைய நிறுவனத்தின் கையிலிருந்து விபிஎன் நிறுவனத்தின் கைக்கு மாறுகிறது. இலவச விபிஎன்கள்மேல் எனக்குள்ள எரிச்சலுக்கு இதுதான் காரணம். ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ, 'பாதுகாப்பு' என்று பெயர் வைத்துக்கொண்டு எந்தச் செயலியை மக்கள் எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று ஃபேஸ்புக்குக்கே படி அளந்தது. பதிவேதும் வைப்பதில்லை என்று சத்தியம் செய்த யுஎஃப்ஓ விபிஎன்னின் பதிவுகள் 2020இல் பாஸ்வேர்டுகளோடு திறந்த சர்வரில் கிடந்தன. 2016இல் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளை ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சியாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, 18 சதவீதம் குறியாக்கமே செய்யவில்லை.

நம் நாட்டில் அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, விபிஎன் நிறுவனங்களை வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி எல்லாவற்றையும் ஐந்து வருடம் வைத்திருக்கச் சொல்கிறது. எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ஃப்ஷார்க், புரோட்டான் விபிஎன்கள் எல்லாம் இந்தியாவிலிருந்த சர்வர்களைக் கழற்றிக்கொண்டு போனது அதனால்தான். முல்வாட்டைப் பொறுத்தவரை 2023 ஏப்ரல் 18 அன்று ஸ்வீடன் போலீஸ் சோதனை வாரண்டோடு அவர்கள் அலுவலகத்துக்கே வந்தது. வாடிக்கையாளர் தகவல் எதுவும் அங்கே இல்லை என்பதை விளக்கியபின் வெறுங்கையோடு திரும்பியது. எந்தத் தணிக்கை அறிக்கையைவிடவும் எனக்கு அது பெரிய சான்றிதழ்.

இத்தனைக்குப் பிறகும் தினசரி வாழ்க்கையில் என்னைப் படுத்துவது யுபிஐதான். விபிஎன் இருந்தால் சில வங்கிச் செயலிகள் திறக்கவே மாட்டேன் என்கின்றன. நான் மனிதன்தான் என்று நிரூபிக்க எத்தனை தளங்களில் டிராஃபிக் சிக்னல் படங்களைத் தட்டுவது! வங்கிச் செயலியை மட்டும் சுரங்கத்துக்கு வெளியே விடும் வசதி முல்வாட்டில் இருக்கிறது. ஆனால் ஆண்ட்ராய்டின் அந்தப் பூட்டையும் போட்டிருந்தால், வெளியே விட்ட செயலிக்கு நெட்டே கிடைக்காது. பூட்டு வேண்டுமா, யுபிஐ வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். கடையில் நாலு பேர் பின்னால் நிற்க, செட்டிங்ஸுக்குள் மூன்று படி இறங்கிப் பூட்டைத் திறந்து, பணம் கட்டிவிட்டு மறுபடி போட மறக்காமலும் இருக்க வேண்டும்.

ஓடிடியில் வெளிநாட்டுப் படம் பார்ப்பதற்காக மட்டும் விபிஎன் தேடுகிறவர்கள் முல்வாட் பக்கம் வர வேண்டாம், ஏமாற்றம்தான். லேப்டாப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். போனில் பூட்டும் வேண்டும் வங்கியும் வேண்டும் என்றால் வங்கிக்கென்று இன்னொரு போன்தான் வழி. யுபிஐக்கு வங்கியில் பதிந்த சிம் அதே போனில் இருக்க வேண்டும் என்பதால் சிம்மும் அங்கே போய்விடும், ஓடிபியும் அங்கேதான் வரும். நான் இப்போது டீக்கடைக்குக்கூட இரண்டு போனோடுதான் போகிறேன்.