தவமும் நிலமும்

1951 ஏப்ரல் 18ஆம் நாள், ஆயுதமேந்திய உழவர் கிளர்ச்சியால் கலங்கியிருந்த தெலுங்கானாவில், போச்சம்பள்ளியின் தாழ்த்தப்பட்ட மக்கள் தங்களுக்கு 80 ஏக்கர் நிலம் வேண்டுமென்று முறையிட, அவ்வேண்டுகோளை வினோபா பாவே கூடியிருந்தோர் முன் வைத்தபோது, ராமச்சந்திர ரெட்டி என்னும் நிலச்சுவான்தார் எழுந்து 100 ஏக்கர் தருவதாக அறிவித்தார். பூதான இயக்கம் அங்கே பிறந்தது. விடியுமுன் பிரார்த்தனை முடித்து, லாந்தர் வெளிச்சத்தில் ஊர் ஊராக நடந்த அந்தத் துறவி தமக்கென ஒன்றையும் நாடாதவர் என்பது எல்லோருக்கும் கண்கூடாக இருந்தமையாலேயே, தம்மையும் குடும்பத்தில் ஒரு மகனாகக் கருதி ஆறில் ஒரு பங்கு தரும்படி கேட்கும் உரிமை அவருக்கு வாய்த்தது. வெறுப்பை முதலில் தன் நெஞ்சிலிருந்து களைந்தவனே எதிராளியின் வாசலில் அச்சமின்றி நிற்க முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்றை நான் அறியேன்.

ஆயினும், 40 லட்சம் ஏக்கருக்கு மேல் தானமாக வந்ததில் பாறையும் தரிசும் வழக்கில் சிக்கியதும் ஏராளம். பெரும்பகுதி ஏழைகளின் கைக்குப் போய்ச் சேரவேயில்லை. கொடுத்தவரின் மனமாற்றத்தையே கண்ணாகப் போற்றிய இயக்கம், பெற்றவனுக்குப் பட்டா கிடைத்ததா என்று பார்ப்பதைச் சில்லறை வேலையாக எண்ணிவிட்டது. உரிமையாக வரவேண்டியது தானமாக வந்தால், அதை வாங்குபவன் தலைகுனிந்தே வாங்க வேண்டியிருக்கிறது என்பதையும் அது போதிய அளவு உணரவில்லை. 1974 டிசம்பரில் வினோபா ஓராண்டு மௌன விரதம் பூண்டார். அது முடியுமுன்பே நெருக்கடி நிலை வந்து, அவருடைய பழைய தோழர் ஜெயப்பிரகாஷ் நாராயண் சிறைப்பட்டார். பல்லாயிரவர் வாய் அடைக்கப்பட்ட வேளையில், தானாக ஏற்ற மௌனம் எத்துணைத் தூயதாயினும், அது ஆள்வோருக்கே துணைபோயிற்று என்று வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும்.

வினோபாவுடன் பாதயாத்திரை நடந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் வேறொரு வழி கண்டார். 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பின் கணவரோடு தஞ்சை மண்ணுக்கு வந்த அவர், 1981இல் உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார். பிரார்த்தனையையும் உபவாசத்தையும் விடாமலே, மிராசுதாரிடம் விலை பேசி, வங்கிக் கடனுக்கு அலைந்து, கூலிப் பெண்களின் பெயரிலேயே நிலத்தைப் பதிவு செய்வித்தார். தியானம் பத்திரப்பதிவு அலுவலகம் வரை நடந்து சென்றது இங்கேதான். என் மதிப்பில் இதுவே உயர்ந்த சாதனை. எனினும் ஒரு வினா அடங்க மறுக்கிறது: தலைமுறை தலைமுறையாக அந்த வயலில் நடவும் களையெடுப்புமாய் முதுகு வளைந்தவளே, அதே வயலுக்குக் கடன்பட்டு விலையும் கொடுக்க வேண்டும் என்பது எந்த நியாயத்தில் சேரும்?